இலவச வகுப்புகளும் திறந்த பாடங்களும்

2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று அறிவித்தார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் 20,000க்கும் மேற்பட்டோர் கடைசித் தேர்வு வரை வந்தார்கள். அதே பாடத்தைக் கட்டணம் செலுத்தி நேரில் படிக்கவேண்டிய ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் சுமார் 200 பேரில் பெரும்பாலோர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டுக் காணொலிகளையே பார்த்தார்கள் என்றும், இறுதியில் 30 பேர் அளவுக்குத்தான் நேரில் வந்தார்கள் என்றும் த்ரன் பின்னர் சொன்னார். இதைக் கேட்ட எவருக்கும் உயர்கல்வியின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிட்டதாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

அடுத்த ஓராண்டுக்குள் த்ரன் யுடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தையும், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர் இருவரும் கோர்செரா என்ற இன்னொன்றையும் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் முதலிட்டு எட்எக்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பை உருவாக்கின. ஐம்பது ஆண்டுகளில் உலகில் பத்துப் பல்கலைக்கழகங்கள்தான் மிஞ்சும் என்று த்ரன் கணித்ததாக ஒரு சஞ்சிகை எழுதியது; பெருந்திரளானவர்களுக்குத் திறந்த இணையப் பாடத்தை ஆங்கிலத்தில் சுருக்கமாக மூக் (MOOC) என்பார்கள்; நியூயார்க் டைம்ஸ் 2012ஐ 'மூக் ஆண்டு' என்றே குறிப்பிட்டது. எட்எக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுகளும் மின்னணுவியலும் வகுப்பில் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஒருவர் முழு மதிப்பெண் பெற்றார். பிறகு எம்ஐடியிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. இந்தச் செய்தி உண்மையானது, அழகானதும்கூட. ஆனால் அந்த ஒரு மாணவரை முன்னிறுத்திச் சொல்லப்பட்ட வாக்குறுதி எல்லோருக்கும் பொருந்துமா என்ற கேள்வியை அப்போது கேட்டவர்கள் குறைவு.

இந்தப் பெரும் ஆரவாரத்துக்கு முன்பே, விளம்பரமில்லாமல் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 2001 ஏப்ரலில் எம்ஐடி தன் பாடத்திட்டங்கள், விரிவுரைக் குறிப்புகள், பயிற்சிக் கணக்குகள், தேர்வுத்தாள்கள் ஆகியவற்றை இணையத்தில் பொதுவில் வைக்கப்போவதாக அறிவித்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற அந்தத் திட்டத்தில் சேர்க்கை இல்லை, கடைசித் தேதி இல்லை, சான்றிதழ் இல்லை, கேள்வி கேட்க ஆசிரியரும் இல்லை. 'நாங்கள் கற்பிக்கும் பொருள் இது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் உருவான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், ஒரு படைப்பைப் பிறர் நகலெடுக்கவும் மாற்றவும் மொழிபெயர்க்கவும் எந்த அளவுக்கு அனுமதி உண்டு என்பதைப் படைப்பாளியே முன்கூட்டிச் சொல்லிவிடும் எளிய சட்டவழியைத் தந்தன. 2002இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு கருத்தரங்கில்தான் இத்தகைய பாடப்பொருள்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பொதுப்பெயர் சூட்டப்பட்டது. மூக் என்ற சொல்லும் ஸ்டான்ஃபோர்டில் பிறந்ததல்ல. 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் வழியாக ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீஃபன் டௌன்ஸும் நடத்திய பாடம் ஒன்றில் கட்டணம் செலுத்திய 25 பேருடன் இலவசமாகச் சேர்ந்த 2,200 பேர் கலந்துகொண்டார்கள். அதைக் குறிக்கவே அந்தச் சொல் உருவானது. அங்கே மாணவர்கள் ஆளுக்கொரு வலைப்பதிவில் எழுதி, ஒருவரையொருவர் படித்து, விவாதித்துக் கற்றார்கள். பின்னால் வந்த பெருநிறுவனங்கள் சொல்லை எடுத்துக்கொண்டு அந்த முறையை விட்டுவிட்டன என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆக, நாம் 'இலவச இணையக் கல்வி' என்று ஒரே பெயரால் அழைப்பதற்குள் இரண்டு வேறுபட்ட முயற்சிகள் இருக்கின்றன. ஒன்று, பெருந்திரளானவர்களுக்கு ஒரு வகுப்பை நடத்துவது. மற்றொன்று, பாடப்பொருளைப் பிறர் எடுத்தாளும் உரிமையோடு பொதுவில் வைப்பது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, பெரிதாக வாக்களித்தது முதலாவது, நிலைத்துப் பலன் தந்தது இரண்டாவது என்றே எனக்குப் படுகிறது.

முதலாவதைப் பற்றிப் பேசுவோர் உடனே எடுத்து வைப்பது, படித்து முடிப்போரின் விகிதம். மேலே சொன்ன மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்து, 7,157 பேர் சான்றிதழ் பெற்றார்கள். 2019இல் ஜஸ்டின் ரெய்ச்சும் ஹோசே ரூய்பெரெஸ் வாலியெண்டேயும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களில் 2017-18ஆம் ஆண்டில் படித்து முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடப்பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த எண்களை ஒரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிடுவது நியாயமன்று என்று பலர் வாதிடுகிறார்கள். நானும் ஓரளவு அதை ஏற்கிறேன். ஒரு சொடுக்கில் சேரக்கூடிய இடத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மாணவர்கள் ஆகிவிடுவதில்லை. புள்ளியியலில் ஒரே ஒரு அத்தியாயம் தேவைப்பட்டு வந்தவர், அதைப் படித்துவிட்டுப் போனால் அவர் தோற்றவர் அல்லர். நானும் பல பாடங்களில் அப்படித்தான் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறேன்.

ஆனால் இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதே ஆய்வில், கட்டணம் செலுத்திச் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்காகப் படித்தவர்களில் 46 சதவீதத்தினர் முடித்திருந்தார்கள். பணம் செலுத்துவோர் ஏற்கெனவே உறுதியோடு வருகிறவர்கள் என்பது இதற்கு ஒரு காரணம். அதை ஒதுக்கிவைத்தாலும், முடிக்கவேண்டும் என்று உண்மையிலேயே விரும்பி வந்து, மூன்றாம் வாரத்தில் ஏதோ ஒரு கணக்கில் சிக்கி, கேட்க ஆளில்லாமல் விலகிப்போன ஒரு பெருங்கூட்டம் இந்த எண்களுக்குள் இருக்கிறது. 'அவர்கள் விரும்பியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்' என்று சொல்லி அந்தக் கூட்டத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது, பாடத்தை வடிவமைத்தவர்களுக்கு வசதியான விளக்கம்.

விலகிப்போகிறவர்கள் யார், நிலைத்து நிற்கிறவர்கள் யார் என்பதுதான் இதைவிட முக்கியமான கேள்வி. 2013இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கோர்செரா பாடங்களைப் படித்தவர்களிடம் நடத்திய ஆய்வில், 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே உயர்கல்வித் தகுதி பெற்றவர்கள் என்று தெரியவந்தது. கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களுக்காக என்று சொல்லி அமைக்கப்பட்ட பந்தியில், முன்பே உண்டு முடித்தவர்கள்தான் அதிகம் அமர்ந்திருந்தார்கள். அதே ஆண்டில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து, அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் இணையவழி நடத்தியது. இம்முறை சேர்ந்தவர்களில் பலர் கணிதத்தில் ஏற்கெனவே பின்தங்கியவர்கள், பள்ளி மாணவர்கள், கணினியும் இணையமும் எப்போதும் கைவசம் இல்லாதவர்கள். தேர்ச்சி விகிதம் நேர்வகுப்பைவிட வெகுவாகக் குறைந்தது. ஜூலை மாதத்தில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கோடைப் பருவத்தில் தேர்ச்சி கூடியதாகச் செய்தி வந்தபோது, அந்த முறை சேர்ந்தவர்களில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் மிகுதி என்பதும் கூடவே தெரிந்தது. அவ்வாண்டு இறுதியில் த்ரன், தங்கள் படைப்பு தரமற்றது என்று ஒரு நேர்காணலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நிறுவனத்தை வேலைப் பயிற்சியின் பக்கம் திருப்பினார். ஒப்புக்கொண்டதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் சோதனைக்கு உள்ளானவர்கள், தோல்வியைத் தாங்கும் வசதி மிகக் குறைந்தவர்கள் என்பதை மறக்க முடியவில்லை.

தன் முயற்சியால் மட்டுமே இணையத்தில் கற்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? ஒழுக்கமின்மை, சோம்பல் என்று மாணவரையே குறை சொல்வது எளிது. கற்றல் நடக்கும் முறையைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது. எட்எக்ஸில் 69 லட்சம் முறை காணொலிகள் பார்க்கப்பட்ட தரவுகளை வைத்து 2014இல் ஃபிலிப் குவோவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவரின் ஈடுபாடு பொதுவாக ஆறு நிமிடங்களைத் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. மறு ஆண்டில் கென் கோடிங்கரும் சக ஆய்வாளர்களும், ஊடாடிச் செய்யும் பயிற்சிகளால் விளையும் கற்றல் பலன், விரிவுரையைப் பார்ப்பதாலோ பக்கங்களைப் படிப்பதாலோ விளைவதைப் போல ஆறு மடங்கு என்று கணித்தார்கள். அப்படியிருந்தும் பெரும்பாலான இலவசப் பாடங்களில் பணமும் உழைப்பும் கொட்டப்படுவது காணொலியில்தான். நல்ல பயிற்சிக் கணக்கை அமைப்பதும், தவறான விடைக்கு அந்தத் தவறு எங்கே தொடங்கியது என்று உணர்த்தும் மறுமொழியை எழுதுவதும், ஒளிப்பதிவுக்கூடத்தில் பேராசிரியரை நிறுத்திப் பேசவைப்பதைவிடக் கடினமானவை. விளம்பரத்தில் காட்டவும் முடியாதவை.

திருத்துதல் இன்னொரு சிக்கல். கணிதத்திலும் நிரலாக்கத்திலும் கணினியே விடைத்தாளைத் திருத்திவிடும். ஒரு கட்டுரையை, ஒரு வரலாற்று வாதத்தை, ஒரு வடிவமைப்பைத் திருத்த மனிதர் வேண்டும். பல்லாயிரம் பேருக்கு அத்தனை ஆசிரியர்கள் கிடையாது என்பதால், மாணவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறை வந்தது. நன்கு எழுதப்பட்ட மதிப்பீட்டு விதிகளோடு நடக்கும்போது அது பயனுள்ளது. பிறர் எழுதியதைத் திருத்துவதும் ஒரு கல்விதான். ஆனால் எனக்கு வந்த மதிப்புரைகளில் 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் இல்லாதவை ஏராளம். இரண்டு மாலைகள் செலவிட்டு எழுதிய கட்டுரைக்கு அப்படியொரு மறுமொழி வருவது, எதுவுமே வராமல் இருப்பதைவிடச் சோர்வளிக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த இடத்தை நிரப்பும் என்று 2012இன் அதே தொனியில் சொல்லப்படுகிறது. விளக்கம் சொல்வதில் அவை உதவும் என்பதில் ஐயமில்லை; உன் வேலைக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற உணர்வை அவற்றால் தரமுடியுமா என்பதில்தான் எனக்கு ஐயம்.

மனிதத் துணைக்குக் காசு செலவாகும் என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைத்த இடங்களில் நிலைமை வேறு. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014இல் தொடங்கிய இணையவழிக் கணினியியல் முதுகலைப் படிப்புக்கு ஏறத்தாழ 7,000 டாலர் கட்டணம். நேர்வகுப்புக் கட்டணத்தில் இது சிறு பங்கு. அங்கே உதவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், காலக்கெடுக்கள் இருக்கின்றன, சேர்வதற்குத் தகுதி பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். இந்த வாய்ப்பு இல்லாவிட்டால் இவர்களில் பலர் வேறெங்கும் முதுகலை படித்திருக்கமாட்டார்கள் என்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது இலவசம் அன்று. ஆனால் இலவசப் பாடங்கள் தருவதாகச் சொன்னதை அது தந்திருக்கிறது.

இலவசம் என்பதும் எவ்வளவு நாள்? முதலீட்டாளர்களின் பணத்தில் தொடங்கிய நிறுவனம் ஒருநாள் வருமானம் காட்டியாக வேண்டும். கோர்செரா 2016 முதல் பல பாடங்களில் மதிப்பெண் உள்ள பயிற்சிகளைக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் தன் பழைய தளத்தை மூடியபோது, அதில் இருந்த நூற்றுக்கணக்கான பாடங்கள் அங்கிருந்து மறையப்போகின்றன என்று அறிந்து, பலர் இரவோடிரவாகக் காணொலிகளைத் தரவிறக்கினார்கள். லாபநோக்கற்ற எட்எக்ஸும் பின்னர், கட்டணம் செலுத்தாதவர்களுக்கு மதிப்பெண் பயிற்சிகளை மூடி, பாடத்தைப் பார்க்கும் காலத்தையும் வரையறுத்தது. சான்றிதழுக்கு விலை வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அடையாளம் சரிபார்க்கவும் தேர்வை மேற்பார்வையிடவும் செலவு உண்டு. மேலே சொன்ன ஆய்வுகள் எந்தப் பயிற்சியில் கற்றல் நடக்கிறது என்று காட்டினவோ, அதையே எடுத்துப் பூட்டிவிட்டுக் காணொலியை மட்டும் இலவசமாக விட்டதுதான் குறை.

ஆசிரியர்களின் தரப்பும் கேட்கப்படவேண்டியது. 2013இல் சான் ஹோசே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையினர், ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்தும் நீதி பற்றிய இணையப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணக்காரப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் தங்கள் பேராசிரியரோடு நேருக்கு நேர் விவாதிக்க, மற்றவர்கள் அந்த விவாதத்தைத் திரையில் வேடிக்கை பார்ப்பதுதான் எதிர்காலமா என்பது அக்கடிதத்தின் சாரம். அது வேலையைக் காத்துக்கொள்ளும் முயற்சி மட்டுமே என்று அன்று சிலர் ஒதுக்கினார்கள். நீதியைப் பற்றிய பாடத்தில் அந்தக் கேள்வி எழுந்தது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடப்பொருளைத் திறந்து வைப்பதிலும் சிக்கல்கள் உண்டு. அவற்றில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கதை மிகவும் சங்கடமானது. அப்பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தன் விரிவுரைகளைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கிவந்தது. பல காணொலிகளில் எழுத்துவடிவ வசனம் இல்லை, இருந்தவற்றிலும் பிழைகள் மலிந்திருந்தன என்று, காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் இருவர் முறையிட்டார்கள். முறையீடு நியாயமானது என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் 2016இல் கண்டது. 2017இல் பெர்க்லி, அத்தனையையும் சீர்செய்ய ஆகும் செலவைக் காரணம் காட்டி, 20,000க்கும் மேற்பட்ட காணொலி, ஒலிப்பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து அகற்றியது. அணுகல் கேட்டவர்களால் எல்லோருக்கும் அணுகல் போயிற்று என்று அவர்கள் மீதே பழி விழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோருக்குமானது என்று பெயர் சூட்டிவிட்டு ஒரு பகுதியினரைக் கணக்கில் எடுக்காமல் விட்டது, திட்டமிடும்போதே நேர்ந்த குறை. ஐந்தாண்டுகள் கழித்து, 2022இல் அந்த அமைச்சகத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி தன் இணைய உள்ளடக்கத்தை அணுகத்தக்கதாக்க அப்பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த விரிவுரைகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நகலெடுத்துப் பகிர அனுமதிக்கும் உரிமத்தோடு அவை வெளியிடப்பட்டிருந்ததால், பிறர் அவற்றைப் படியெடுத்து வேறிடங்களில் வைத்திருந்தார்கள்.

கோர்செராவின் பழைய பாடங்களுக்கும் பெர்க்லியின் விரிவுரைகளுக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முன்னதைத் தரவிறக்கியவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளலாமே தவிர, பிறருக்கு வழங்க உரிமையற்றவர்கள். திறந்த உள்ளடக்கம் என்ற கருத்தை 1998 முதல் வலியுறுத்திவரும் டேவிட் வைலி, வைத்துக்கொள்ளல், மறுபயன்பாடு, திருத்துதல், கலத்தல், பகிர்தல் என்று ஐந்து உரிமைகளைச் சொல்கிறார். அவற்றில் முதலாவதான வைத்துக்கொள்ளும் உரிமையை அவர் பிற்பாடுதான் சேர்த்தார். வாடகைப் பாடங்களும் காலக்கெடுவுக்குப் பின் மறையும் மின்னூல்களும் பெருகிய பிறகு, அதைத் தனியே சொல்லவேண்டிய தேவை வந்துவிட்டது.

உரிமம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தைவானின் லூசிஃபர் சூ நல்ல சான்று. புகழ்பெற்ற கற்பனை நாவல் தொடர் ஒன்றைச் சீனத்தில் மொழிபெயர்த்ததில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு அவர் 2004இல் ஒரு தன்னார்வலர் குழுவைத் தொடங்கி, எம்ஐடியின் பாடங்களைச் சீனமொழிக்குக் கொண்டுவந்தார். எவரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், 2012 முதல் கல்லூரிப் பாடநூல்களை முறையான துறைசார் மதிப்பாய்வோடு வெளியிட்டு இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றின் இயற்பியல் நூல் போலந்து மொழியில் அந்நாட்டு ஆசிரியர்களால் தகவமைக்கப்பட்டு வந்திருக்கிறது. இவ்வகை நூல்களின் வெற்றியைப் படித்து முடித்தோர் விகிதத்தால் எவரும் அளப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் அதை எடுத்து, தன் வகுப்புக்கு ஏற்ப இரண்டு அத்தியாயங்களை மாற்றி, நேரில் கற்பிக்கிறார். மனிதத் துணையும் இலவசப் பாடப்பொருளும் அங்கே சேர்ந்துவிடுகின்றன.

இதற்கும் பணம் எங்கிருந்தோ வரவேண்டும். எம்ஐடியின் திட்டத்துக்குத் தொடக்கத்தில் ஹியூலட், மெலன் அறக்கட்டளைகள் பெருந்தொகை கொடுத்தன. அறக்கட்டளைகள் புதிய திட்டத்தைத் தொடங்கிவைக்க விரும்புகிற அளவுக்கு, பத்தாண்டுப் பழைய பாடநூலைப் புதுப்பிக்க விரும்புவதில்லை. கைவிடப்பட்ட திறந்த பாடப்பொருள்கள் இணையமெங்கும் கிடக்கின்றன: உடைந்த இணைப்புகள், காலாவதியான மென்பொருளுக்கான பயிற்சிகள், எவரும் திருத்தாத பிழைகள். 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொதுமாநாடு ஏற்றுக்கொண்ட திறந்த கல்வி வளங்களுக்கான பரிந்துரை, நீடித்து நிலைக்கும் நிதிவழிகளை உருவாக்குமாறு நாடுகளைக் கேட்கிறது. கேட்பதற்கு மேல் அதனால் கட்டாயப்படுத்த முடியாது.

எட்எக்ஸின் பிற்காலக் கதை இவ்விரண்டு வழிகளையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. 2021இல் அதன் கற்றல் தளம் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற லாபநோக்கு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கோரி விண்ணப்பித்தது. ஆனால் அத்தளத்தை இயக்கும் மென்பொருள் 2013இலேயே திறந்த மூலமாக, அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையோடு, வெளியிடப்பட்டிருந்தது. பிரான்சின் ஃபன், சீனாவின் ஷுவேதாங்எக்ஸ், அரபு மொழிக்காக ஜோர்டானில் அமைந்த எத்ராக் ஆகியவை அந்த மென்பொருளின் மீதே எழுந்தவை. தாய் நிறுவனம் எவர் கைக்குப் போனாலும், அந்த மென்பொருளைக் கொண்டு தன் மொழியில் தளம் அமைக்கும் உரிமையை எவராலும் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாது.

பெரும்பாலான உயர்நிலைப் பாடங்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், இந்த உரிமை நம் போன்ற மொழியினருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வசன எழுத்துகளை உருவாக்கவும் முதல்வரைவாக மொழிபெயர்க்கவும் இப்போது கணினி உதவுகிறது. திருத்திச் செம்மைப்படுத்தத் துறையறிந்த மனிதர் இருந்தால் போதும் என்ற நிலை நெருங்குகிறது. ஆனால் வழிப்படைப்பை, அதாவது மூலத்தை மாற்றி உருவாக்கும் படைப்பை, தடைசெய்யும் உரிமத்தோடு வெளியான பாடத்தை எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும் உரிமையாளரின் அனுமதியின்றி வெளியிட முடியாது. மொழிபெயர்ப்பும் சட்டத்தின் பார்வையில் வழிப்படைப்பே. எம்ஐடி தன் பாடங்களுக்கு, வணிகப் பயன்பாட்டை மட்டும் விலக்கி, மாற்றியமைத்ததை அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் வகையைத் தேர்ந்தெடுத்தது. பொதுப்பணத்தில் உருவாகும் பாடங்களுக்கு உரிமத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்கள், குறைந்தது அந்த அளவுக்காவது கையைத் தளர்த்தவேண்டும்.